நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு

பல்கலைக்கழகத்தின் நான்காம் மாடியில் இருந்த லென்ஸ் ஒன்று நிமிடத்துக்குப் பதினான்கு முறை மூச்சுவிட்டது. மங்கும், தெளியும், மறுபடி மங்கும். கண்ணுக்குள் படமெடுக்கும் புதுக் கேமராவுக்காகச் செய்த லென்ஸ் அது. ஈரப்பதம் என்றார்கள், ஏசியை மாற்றினார்கள். வெளியூர் நிபுணர் ஒருவர் மூன்று நாள் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, கண்ணாடியில் குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காரணம் அங்கே பேராசிரியராக இருந்த தம்பிக்கு மட்டும் தெரியும். லென்ஸைத் தேய்த்து மெருகேற்றியது அவனுடைய அக்கா. அதன்மேல் தான் கண்டுபிடித்த பூச்சை இரண்டு அடுக்காகப் பூசியது அவன். அடுக்குகளுக்கு நடுவே சுத்தம் பார்க்க அக்கா கண்ணாடியில் வாயால் ஊதுவாள். ஆவி ஒரே சீராகக் கலைந்தால் சுத்தம். ஊதக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. முப்பது வருடப் பழக்கம் நோட்டீஸுக்கெல்லாம் அடங்குமா? ஊதினாள். ஆவி கலைவதற்குள் அவன் அவசரப்பட்டு இரண்டாம் அடுக்கைப் பூசிவிட்டான். அவள் மூச்சு உள்ளே மாட்டிக்கொண்டது.

காப்புரிமை விண்ணப்பத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது. "துடைச்சவங்க பேரெல்லாம் போடுறது வழக்கமில்லக்கா," என்றான். துடைக்கும் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்று போனவள்தான். ஏழு வருடம் கடிதமில்லை, போனில்லை.

அவள் உயிரோடு இருப்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி அந்த லென்ஸ்தான். ஒரு மழைக்காலத்தில் நான்கு நாள் அது கொதித்தது, மூச்சு இருபத்தைந்தைத் தாண்டியது. எந்த ஊரில் காய்ச்சலோ, பக்கத்தில் யார் இருந்தார்களோ. அவன் லீவு போட்டு உட்கார்ந்து ஈரத்துணியால் ஒற்றியெடுத்தான். ஐந்தாம் நாள் பதினான்குக்கு இறங்கியதும் எல்லோர் முன்னாலும் அழுதான்.

எட்டாம் வருடம் ஒரு கம்பெனி கேமராவை வாங்க வந்தது. லென்ஸை இரண்டாக அறுத்து உள்ளே பார்க்க வேண்டும் என்றது. பதிவாளருக்கு வாயெல்லாம் பல். அறுத்தால் எங்கோ இருப்பவளுக்கு என்ன ஆகும்? தம்பி, இன்னொரு கண்டுபிடிப்பாளர் இருக்கிறார், அவர் சம்மதமில்லாமல் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தான். அக்கா பெயரை முதலில் போட்டு, பங்களிப்பு என்ற கட்டத்தில் 'மூச்சு' என்று நிரப்பினான். பதிவாளர் அந்தப் பெயரைச் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து, முப்பது நாள் கெடு வைத்தார்.

முப்பதாம் நாள் மதியம், அறுக்கும் இயந்திரம் வந்த பெட்டியை ஆட்கள் பிரித்துக்கொண்டிருக்கையில், லென்ஸ் இருபதுக்கு ஏறியது. சற்று நிதானித்தது. மறுபடி ஏறியது, முப்பது. மறுபடி நிதானம். இப்படி மூன்று நிதானங்களைத் தம்பி எண்ணினான், மாடிக்கு ஒன்று. அந்தக் கட்டடத்தில் லிப்ட் பழுதாகி மாதக்கணக்காகிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி அக்கா நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"இன்னும் லிப்டை சரி பண்ணலையாடா? மூச்சு வாங்குது."

"தெரியும்க்கா," என்றான்.

அறுக்கச் சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லென்ஸை ஒரு பார்வை பார்த்து, "ஓரத்துல கைரேகை. யாரு தொட்டது?" என்று பையிலிருந்து துணியை எடுத்தாள். இயந்திரம் வந்த வழியே போனது. இப்போதும் அங்கே கண்ணைப் படமெடுப்பவர்கள், லென்ஸ் மூச்சை உள்ளே இழுக்கும்வரை பொறுத்திருந்து பொத்தானை அழுத்துகிறார்கள்.