இரண்டு மணி நேரம் நிற்க ஒரு மாதம்

ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு ஒரே அசதி. சாதாரண அசதி இல்லை. நான் கொட்டாவி விட்டால் எதிர்வீட்டு ஜன்னல் திரை என் பக்கம் பறந்து வரும். முப்பத்தொரு வருடம் ஒன்பது மாடி அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கியவன் நான். உட்கார்ந்தபடியே நிலாவுக்குப் போய்த் திரும்பும் தூரம் போயிருக்கிறேன். கால் மட்டும் ஒரு படி ஏறியதில்லை.

அப்போதுதான் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஆள் தேடினார்கள். காலையில் 'நில்' பலகையோடு சாலையில் நின்று பிள்ளைகளைக் கடக்க வைக்கும் வேலை. இரண்டு மணி நேரம், உட்காரவே கூடாது. மனசு துள்ளியது. மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் சோபாவும் நானும்தான். இப்படியே ஆறு மாதம் போனால் எது சோபா, எது புருஷன் என்று அவளே தடுமாறுவாள்.

தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன். நின்றேன் என்று பேர். மேசையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தேன். நடுவில் ஒரு கொட்டாவி வேறு.

"தப்பா நினைக்காதீங்க சார். புள்ளைங்கதான் உங்களைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும் போல."

"ஒரு மாசம் டைம் குடுங்க மேடம். ஓடியே காட்டறேன்."

"ஓட வேணாம், நின்னா போதும். ஒண்ணாம் தேதி வாங்க. முடியலேன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."

டாக்டரிடம் ஓடினேன். ஆட்டோவில்தான். ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்.

"வியாதி ஒண்ணுமில்ல ஐயா. காலைல என்ன சாப்பிடுறீங்க?"

"டீ."

"மத்தியானம்?"

"காலைல சாப்பிடாததையும் சேத்து."

"அப்புறம்?"

"தூக்கம்."

"காலைல ஒழுங்கா சாப்பிடுங்க, மத்தியானத்தைப் பாதியாக்குங்க. தினமும் மாடி ஏறுங்க."

எங்கள் குடியிருப்புக்கு ஏழு மாடி. மறுநாளே ஏற ஆரம்பித்தேன், லிஃப்டில். தொழில்புத்தி எங்கே போகும்? ஆனால் உட்காராமல் நின்றுகொண்டே போனேன். என் வரலாற்றில் அதுவே புரட்சி. வாரக் கடைசியில் மனைவியிடம் மார்தட்டினேன்.

"முன்னூறு மாடி ஏறிட்டேன்."

"ஏறினது நீங்களா, லிஃப்டா?"

"நான் அதுக்குள்ளதானே இருந்தேன்?"

"அப்ப விமானத்துல போறவங்கல்லாம் பறவைங்களா?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏங்க, ஒரு வாரம் வீணாப் போச்சு. அந்த வேலை நெசமாவே வேணுமா, வேணாமா?"

வேண்டும். அடுத்த நாள் படிக்கட்டில் கால் வைத்தேன். இரண்டாம் மாடிக்குள் முழங்கால் போட்ட கூச்சல் தீயணைப்பு நிலையம் வரை கேட்டிருக்கும். காலையில் அவித்த முட்டையும் பழமும். மத்தியானத் தட்டில் பாதி காய்கறி. சாப்பிட்டதும் சோபா கூப்பிட்டது. மகராசி அதன்மேல் மடிக்காத துணியை மலையாகக் குவித்துவிட்டுப் போயிருந்தாள்! வேறு வழியில்லாமல் தெருவைச் சுற்றினேன்.

மூன்றாம் வாரம் மத்தியானத் தூக்கம் என்னை விட்டுவிட்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டது. நான்காம் வாரம் ஏழு மாடியும் ஏறினேன். என் வேகத்தைப் பார்த்து வெட்கப்பட்டு லிஃப்டே நின்றுவிட்டது. பழுது என்றார்கள், நான் நம்பவில்லை. இப்போது வேறு தொல்லை. உட்காரவே முடியவில்லை. நடந்துகொண்டே பல் விளக்கினேன், நடந்துகொண்டே பேப்பர் படித்தேன்.

"ஒரு இடத்துல நில்லுங்களேன், எனக்குக் கண்ணு சுத்துது" என்றாள் மனைவி.

அதுதானே கவலை! நிற்கிற வேலைக்கு, நிற்க முடியாதவனாகப் போகிறேனே.

ஒன்றாம் தேதி ஏழு மணிக்குப் பலகை கைக்கு வந்தது. முதல் ஒரு மணி நேரம் சிங்கம்தான். எட்டரைக்குத் தொடை நடுங்கியது. பூக்கடைக்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பெரியவரே, சும்மா ரெண்டு நிமிஷம் உக்காருங்க."

"தம்பி, அதை முதல்ல உள்ள கொண்டுபோ. இன்னும் கொஞ்ச நேரம் பாத்தா மனசு மாறிரும்."

நின்றால் கால் நடுங்குகிறது, நடந்தால் அடங்குகிறது. பிள்ளைகள் வராத நேரத்தில் பலகையைத் தூக்கிக்கொண்டு நானே அந்தப் பக்கம் போனேன், இந்தப் பக்கம் வந்தேன். வாசலிலிருந்து தலைமையாசிரியை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

ஒன்பது மணிக்கு மணி அடித்தது. அவர் வந்தார்.

"நாளைலேர்ந்து வந்துருங்க சார். ஆனா ஒண்ணு, புள்ளைங்க கடக்கறப்ப மட்டும் கடங்க. சும்மாவே பதினெட்டு தடவை ரோட்டை நிறுத்திட்டீங்க. லாரிக்காரர் என்னைத் திட்டிட்டுப் போறாரு."

பதினெட்டா? எண்பதுக்குக் குறையாது. தலையை ஆட்டினேன். பலகை வைக்கிற அறை எதிர்ப்பக்கம் இருந்தது. நான் என்ன செய்ய? இன்னொரு தடவை கடந்தேன்.