சிவப்பு நூல் கட்டிய தவளை

தையல்காரருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். ஆனால் அன்று காலை கொல்லைக்குப் போய்க் கொடியைப் பார்த்தவருக்குக் கோபம்கூட வரவில்லை, இலையை விலக்கி விலக்கித் தேடினார். சிவப்பு நூல் கட்டின முலாம்பழத்தைக் காணோம்!

கடையில் கிடைக்கிற பழமா அது? கரும்பச்சைத் தோல், மேலெல்லாம் கொப்புளம். வீட்டில் அதற்குப் பெயரே தவளை. வாசனை மட்டும் ஆளைத் தூக்கும். விதை என்றைக்கோ அக்கா கொடுத்தது. நாலு மாசம் முன்னால் அக்கா வீட்டுக் கொடி மழையில் அழுகிப்போய், "உங்ககிட்ட தவளை விதை இருக்கா?" என்று தையல்காரர் மனைவிக்குப் போன் வந்தது. ஆறு வருஷத்தில் முதல் போன். அதிலும் தம்பியிடம் ஒரு வார்த்தை இல்லை.

எப்படிப் பேசுவாள்? அவள் மகள் கல்யாணத்துக்கு இவர் தைத்த உடுப்பு, கல்யாணத்துக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தது. கடையில் முடிந்ததும் முடியாததும் ஒரே குவியல். தைத்து வைத்த பொட்டலமே கண்ணில் படவில்லை. பெண் இரவல் துணியில் நின்றாள். அதற்கப்புறம்தான் ஐயாவுக்குப் புத்தி வந்து நூல் கட்ட ஆரம்பித்தார். வெள்ளை நூல் என்றால் வேலை பாக்கி. சிவப்பு என்றால் முடிந்தது, கொடுத்துவிடலாம். கொடுக்கிற பொறுப்பு மனைவிக்கு.

பட்டன் டப்பாவைத் துழாவியதில் மூன்று விதை கிடைத்தது, முளைத்தது ஒன்று. பக்கத்து வீட்டு டீச்சரோ மஞ்சள் முலாம் போட்டிருந்தார். தேனீ இங்கேயும் அங்கேயும் போய்வந்தால் ஜாதி கலந்துவிடும், அடுத்த முறை தவளை வராது. அதனால் ஒரு ஆண்பூவையும் ஒரு பெண்பூவையும் முந்தின சாயங்காலமே லைனிங் துணியால் மூடி, விடிந்ததும் ஒன்றை மற்றதில் தடவி, பெண்பூவைத் திரும்ப மூடினார். பிஞ்சு பிடித்ததும், விதைக்கென்று அடையாளம் தெரிய, சட்டைப்பையில் கைக்கு வந்த நூலைக் கட்டினார். மற்ற பழங்கள் தின்ன மட்டும்தான் ஆகும்.

"தவளை எங்கேடி?"

"நேத்தே டீச்சருக்குக் கொடுத்துட்டேனே. சிவப்பு நூல் கட்டியிருந்தீங்க!"

கத்த வாயைத் திறந்தார். யாரைத் திட்டுவது? சட்டம் போட்டதே இவர்தான்.

"இன்னைக்கு விதை வாங்க அக்கா வர்றா" என்றார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள்.

"அடடா, என்ன ருசி!" என்று ஆரம்பித்த டீச்சர், விதை என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "குப்பையில போட்டுட்டேனே!"

டீச்சர் வீட்டுப் பின்புறத்தில் வாளியைக் கவிழ்த்துப் புருஷனும் பெண்டாட்டியும் குந்திவிட்டார்கள். டீத்தூள், முட்டை ஓடு, பென்சில் சீவல். நடுநடுவே ஒரு விதை. ஐந்தாவது விதை கிடைத்தபோது நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அக்கா.

தையல்காரர் கையிலிருந்த விதைகளைக் காட்டினார். "இந்தத் தடவையும் சொதப்பிட்டேன்க்கா."

அக்கா அவரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

"தள்ளிக்கோடா."

ஆறு வருஷத்துக்கு அப்புறம் அக்கா பேசியது அவ்வளவுதான். தள்ளிக்கொண்டார்.

இருபத்து மூன்று தேறியது. தண்ணீரில் போட்டதில் பதினாலு முங்கியது. மிதந்த பொக்கையெல்லாம் அக்கா வீசினாள். ஏழு விதையை எடுத்துக்கொண்டு மீதியைத் தம்பி பக்கம் தள்ளினாள்.

"எனக்கு மறுபடி அழுகினா உன்கிட்டதானே வரணும்."

சொல்லிவிட்டுக் கிளம்ப எழுந்தாள். தையல்காரர் சட்டைப்பையைத் துழாவினார். அக்காவின் கைப்பைப் பிடியில் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இந்த முறை பார்த்துத்தான் எடுத்தார், வெள்ளை.

"என்னம்மா இது?" என்று அக்கா அவர் மனைவியைக் கேட்டாள்.

"வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம் அண்ணி. முடியற வரைக்கும் வெளியே விடமாட்டார்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் தலை குனிந்து நகத்து அழுக்கை நோண்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ சோறு வை" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டு வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றினாள்.