தையல்காரம்மாவின் வலது கால்

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் தையல்காரம்மாவின் வலது கால் நிற்க மறுத்தது. இருபது வருடமாகத் தையல் மிஷினை மிதித்த கால், அவள் எழுந்து வந்த பிறகும் மிதித்துக்கொண்டே இருந்தது. அது மிதிக்கும் நேரமெல்லாம் பக்கத்திலிருந்த துணிகள் தாமாகவே தைத்துக்கொண்டன. ஜன்னல் திரை மேசை விரிப்போடு சேர்ந்தது. பேருந்தில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத இரண்டு பேர் சட்டையோடு சட்டை ஒட்டி ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். தையல் நேர்த்தியாக இருந்ததால் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

குறை சொன்னது அவள் வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் பேருந்து ஓட்டுநர். ஒரு காலையில் சாப்பிட்டு எழுந்தவருக்குக் காற்சட்டையின் இரண்டு கால்களும் ஒன்றாகியிருக்க, தடாலென்று விழுந்தார். பேருந்து தாமதமாகி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "உன் கால் ஒழுங்கானா சொல்லியனுப்பு, வரேன்" என்று பெட்டியோடு எதிர்த் தெருவிலிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று இவள் வீம்பாக இருந்து பார்த்தாள். முடியவில்லை. அவருடைய குறட்டை இல்லாமல் தூக்கமே வரவில்லை. போதாக்குறைக்குக் கணுக்காலும் வீங்கி, காலையில் குதிகாலைத் தரையில் வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது.

கால் டாக்டரிடம் வலியையும் வீட்டுக்காரரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் குதிகாலை அழுத்தினார், கணுக்காலைத் திருப்பினார், அசையாமல் இருக்கட்டும் என்று இறுக்கிக் கட்டுப் போட்டார். கட்டுத்துணி அவருடைய வெள்ளை கோட்டோடு தைத்துக்கொண்டது. கத்தரிக்கோலைத் தேடிக் கை நீட்டியவர் கண்ணில் அவளுடைய செருப்புகள் பட்டன. வலது செருப்பு தேய்ந்து காகிதமாகியிருந்தது. இடது செருப்பு கடையில் வாங்கியபடியே இருந்தது.

"இந்த இடது கால் இத்தனை வருஷமா என்ன பண்ணுச்சு?"

"சும்மாதான் இருந்துச்சு, டாக்டர்."

"ஒத்தைக் காலே உழைச்சா அது எப்படிம்மா தாங்கும்? இதையும் வேலைக்கு அனுப்புங்க."

மெத்தென்ற செருப்பு, ஐஸ் ஒத்தடம், கால் விரலால் துண்டைச் சுருட்டும் பயிற்சி, இவற்றோடு இடது கால் வேலைக்குப் போனது. அது மிதித்தால் தையல் பிரிந்தது. முதல் வாரம் தெருவில் பலருக்கும் பொத்தான்கள் உதிர்ந்தன, டாக்டரின் கோட்டுப் பை கழன்று விழுந்தது. இரண்டு கால்களும் ஒன்றை ஒன்று அனுசரித்துப் போகப் பழகியதும் வீக்கம் வடிந்தது. வேண்டாதபோது கால்கள் ஓயவும் கற்றுக்கொண்டன. உடை இறுகிப்போனவர்கள் இடப்பக்கம், தொளதொளத்தவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கடையில் கூட்டம் தாங்கவில்லை. அவள் மட்டும் யார் வந்தாலும் வாசலை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் சொல்லியனுப்பவில்லை.

கடைசியில் அவரே வந்தார். அக்கா கைச்சாப்பாட்டில் ஊதியிருந்தார், சீருடை பிடிக்கிறதாம். இடப்பக்கம் உட்காரவைத்தாள், சரியானது. அவர் எழுவதற்குள் வலது கால், யாரும் கேட்காமலே, அவருடைய சட்டைக் கையை அவளுடைய ரவிக்கைக் கையோடு சேர்த்துத் தைத்துவிட்டது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இருங்க, பிரிச்சு விட்டுடறேன்."

"அவசரமில்ல," என்றார் அவர். "இன்னைக்கு எனக்கு லீவு."

மறுநாள் கால் டாக்டரிடம் இருவரும் அப்படியே போனார்கள். அவர் நாற்காலியை நகர்த்திவிட்டு பெஞ்சை இழுத்துப் போட்டு, வலது காலை நீட்டச் சொன்னார்.