தக்கையின் வாசனை

கொதிநீரில் அரை நிமிடம், பனிக்கட்டி நீரில் அரை நிமிடம். அதற்குமேல் பீச் பழத்துக்குத் தன் தோல்மீது பிடிப்பில்லை. கட்டைவிரலால் தள்ளினால் கழன்று விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சமையலறை மேசையருகே நின்று, அவர் ஏழாவது பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சதைப் பழங்கள். கொட்டையை ஒட்டிய இடத்தில் மட்டும் யாரோ கிள்ளிவிட்டதுபோல் ஒரு சிவப்பு.

எதிரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தாள் அவருடைய தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில்; பேச்சிலும் பிரேக் இல்லை.

"மிக்ஸியில போட்டா ரெண்டு நிமிஷ வேலை. அதுக்குப் போயி சல்லடையோட மல்லுக்கட்டுறியே, அண்ணா."

"பிளேடு பட்டா காத்து ஏறும், கூழ் கருத்துப்போகும். அப்புறம் உன்கிட்ட படிச்சவன் ரிவர்ஸ் எடுத்த மாதிரி ஆயிடும்."

"என்கிட்ட படிச்ச யாரும் இதுவரைக்கும் சுவத்துல முட்டினதில்ல. கேட்டுல வேணா முட்டியிருக்காங்க."

அடுப்பருகே நின்ற அவர் மனைவி சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்பு திரும்பி மூன்று வாரம்தான் ஆகிறது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு பெரிய ஹோட்டலின் மதுக்கூடத்துக்கு அவர்தான் தலைமை. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் விட்டுப்போன காய்ச்சல், போகிற போக்கில் அவருடைய மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போனது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், காத்திருங்கள் என்றார் மருத்துவர். "இனிப்பும் புளிப்பும் நாக்கோட வேலை, மிச்சமெல்லாம் மூக்கோட வேலை" என்று ஊழியர்களிடம் ஓயாமல் சொல்லிவந்த மனிதர், நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். பால் திரிந்ததா, கேஸ் கசிகிறதா, சட்டையைத் துவைக்க வேண்டுமா என்று எல்லாவற்றையும் மனைவியிடம் கேட்டார். சில நாள்களில் கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலையில், படுக்கையில் இருந்தபடியே, "காபி பொங்கப்போகுது, ஓடு" என்றார். அவள் ஓடினாள். உண்மையிலேயே பொங்கும் தறுவாய். அன்றிலிருந்து சோப்பு, தீக்குச்சி, மழை என்று ஒவ்வொன்றாக அவருக்குத் திரும்பி வந்தது. அப்படித்தான் அவர் சொன்னார். அவளும் நம்பினாள், நம்பாமல் இருக்க அவளுக்குத் தெம்பில்லை.

நாளை காலை பத்து மணிக்கு மேலாளர் முன்னிலையில் நான்கு பாட்டில்களைத் திறந்து முகர்ந்து எது நல்லது, எது கெட்டது என்று சொல்ல வேண்டும். தன் கையால் ஒரு பானமும் கலந்து கொடுக்க வேண்டும். தேறினால் பழைய இடம், இல்லையென்றால் விடை. பானத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது பெல்லினி: பீச் கூழும் நுரைக்கும் ஒயினும் மட்டுமே சேர்ந்த இத்தாலியப் பானம். இரண்டே பொருள் என்பதால் தவறை ஒளித்துவைக்க அதில் இடமில்லை. நாளைக்கு உடுத்த வேண்டிய வெள்ளைக் கோட்டு, இஸ்திரி போட்டு, கதவில் தொங்கியது. இன்று ஒத்திகை. பாட்டில் தங்கையின் உபயம்.

சல்லடையில் கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்திக் கூழெடுத்தார். நிறம் மாறாமலிருக்க எலுமிச்சைச் சாறு சில துளிகள். ஒரு ஸ்ட்ராவைக் கூழில் இறக்கி, மேல்வாயை விரலால் அடைத்து, தங்கிய துளியை நாக்கில் விட்டுப் பார்த்தார். அரைக் கரண்டி சர்க்கரை சேர்த்தார். மறுபடியும் ஒரு துளி. தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை மனைவி எட்டு மாதம் கழித்துப் பார்த்தாள்.

பிறகு பாட்டில். தக்கையை ஒரு கையால் இறுகப் பிடித்து மறுகையால் பாட்டிலைத் திருகினார். சத்தம் வரவில்லை, ஒரு பெருமூச்சு மட்டும். தக்கையின் அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"பேரிக்காய். கொஞ்சம் பாதாம்" என்றார்.

பின், கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் திறந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் செய்ததுபோல, தக்கையை மனைவியின் மூக்கருகே நீட்டினார். "என்ன சொல்லுது?"

அவள் நூலகத்தில் புத்தகங்களைச் செப்பனிடுபவள். பசை, நூல், பழுப்பேறிய தாள் ஆகியவற்றின் நடுவில் பதினைந்து ஆண்டுகள். ஒருமுறை கீழ்த்தளத்தில் குழாய் வெடித்து நானூறு புத்தகங்கள் மூன்று நாள் நீரில் ஊறின. அந்த அறைக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த அதே நெடி, ஈர அட்டையும் பூஞ்சையும் கலந்த நெடி, இப்போது கணவரின் விரல் நுனியிலிருந்து எழுந்தது.

பேரிக்காயும் இல்லை, பாதாமும் இல்லை. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கதவில் தொங்கிய கோட்டை ஒரு கணம் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "பேரிக்காய்தான்."

அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடிக் குடுவையில் ஒரு பங்கு கூழ். சரித்துப் பிடித்து, நுரை அடங்க அடங்க, இரண்டு பங்கு ஒயின். நீண்ட கரண்டியால் அடியிலிருந்து மேலே ஒரே ஓர் இழுப்பு. மூன்று குவளைகளிலும் இளஞ்சிவப்பு ஏறியது. பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

"அண்ணனோட மூக்குக்கு!" என்று தங்கை குவளையை உயர்த்தி, ஒரு மிடறு விழுங்கி, முகத்தைச் சுளித்தாள். "எனக்கு எந்த ஒயினும் இருமல் மருந்துதான். நான் சொல்றத கணக்குல எடுக்காத."

மனைவி குவளையை எடுத்தாள். ஈரப் புத்தகங்கள் வாய்க்குள் இறங்கின. பாதியில் நிறுத்தினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்கில் காலி செய்தாள்.

"என்ன அண்ணி, பாலைவனத்துல இருந்தா வந்தீங்க?" என்றாள் தங்கை.

கணவர் சிரிக்கவில்லை. தன் குவளையை உதட்டுவரை கொண்டுபோனவர் மேசையில் இறக்கினார். இத்தனை வருடங்களில் அவள் ஒரு குவளையையும் முடித்ததில்லை. பாதி எப்போதும் அவருக்குத்தான் வரும்.

"உண்மைய சொல்லும்மா. என்ன வாசனை?"

அவள் காலிக் குவளையை மேசையில் வைத்தாள்.

"சொல்லு."

"எங்க கீழ்த்தளம்" என்றாள். "குழாய் வெடிச்சப்போ."

அவர் மெல்லத் தலையாட்டினார். பூஞ்சை பிடித்து ஒயினையும் கெடுத்துவிட்ட தக்கை. தொழிலில் நூறு முறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய குற்றம். கடைநிலை ஊழியருக்கும் தெரிகிற குற்றம்.

"காபிய நான் காதால கேட்டேன்" என்றார். "பொங்கறதுக்கு முன்னாடி பாத்திரம் ஒரு மாதிரி முனகும். மழைய ஜன்னல்ல பாத்தேன். சோப்பு உன் கையில இருந்துச்சு."

"ஏங்க இப்படி..."

"நீ சிரிச்சே. அப்புறம் நிறுத்த முடியல." தக்கையை விரல்களுக்கிடையில் உருட்டினார். "இன்னைக்கு உன் மூக்க நம்பித்தான் ஊத்தினேன். நீ 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா, எனக்கும் அப்படித்தான் தோணுச்சுன்னு சமாளிச்சிருப்பேன். நீ 'ஆமா'ன்னதும், ஒருவேளை நெசமாவே பேரிக்காயோன்னு..."

முடிக்கவில்லை. தங்கை காலைக் கீழே இறக்கினாள்.

அவர் கூடத்துக்குப் போனார். தொலைபேசியில் மேலாளரிடம் பேசுவது கேட்டது. விருந்தினரிடம் பேசும் அதே நிதானக் குரல். "ஆமா சார், நானேதான் சொல்றேன்... இல்ல சார், வேற ஒருத்தர பாத்துக்குங்க." மனைவி குடுவையைத் தொட்டியில் கவிழ்த்தாள். நுரை நெடுநேரம் வடியாமல் கிடந்தது.

அவர் திரும்பி வந்தபோது தங்கை மிச்சக் கூழைக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இது நல்லாத்தான் இருக்கு, அண்ணா. சத்தியமா. இனிப்பு, புளிப்பு எல்லாம் அளவா இருக்கு."

"அது நாக்கு" என்றார் அவர்.

கிண்ணத்தை வாங்கி மனைவியின் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே அமர்ந்தார். "இது எப்படி மணக்குதுன்னு சொல்லேன். எனக்கு மறந்துக்கிட்டே வருது."

அவள் கிண்ணத்தைத் தூக்கி மூக்கருகே வைத்து ஆழமாக இழுத்தாள். கணவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். மீண்டும் இழுத்தாள். தக்கையின் நெடி அவள் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை. பழம் அதற்கு அப்பால் எங்கோ இருந்தது. இன்னொரு பொய் சொல்ல அவளால் ஆகவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "எனக்கும் இப்ப தெரியல."