கட்டிவைத்த கம்பி

அண்ணியும் நாத்தனார் சின்னவளும் ஒரே உருளைக்கு முன்னால் நின்று வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் சலவைக்கூடம் அது. ஈர விரிப்பின் முனைகளை ஆளுக்கொன்றாக இழுத்துப் பிடித்துச் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். ஓயாத இரைச்சலில் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. பெரும்பாலும் அண்ணனின் குறட்டையைப் பற்றி. மூட்டை தூக்கி முதுகு போனதிலிருந்து அவன் வீட்டோடு கிடந்தான்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரிப்பு சுருண்டு பட்டாலும் நிற்கும். சும்மா சும்மா நின்று வேலை கெடுகிறதென்று, கழுத்து நீண்ட மேற்பார்வையாளன் அதை ஒரு கிழிசல் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டான். அவனுக்குக் கொக்கு என்று பட்டப்பெயர்.

"கண்ணு இருக்குல்ல? அப்புறம் கம்பி எதுக்கு?" என்று சிரித்தான்.

ஒரு நாள் விரிப்போடு சேர்ந்து அண்ணியின் வலது கையும் உருளைக்குள் போனது. சின்னவள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். வெளியே எடுத்தபோது அதைக் கை என்று சொல்ல முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் முதலாளி வந்துவிட்டார். அழுக்குத்துணி மூட்டைமேல் சாய்ந்து கிடந்த அண்ணிக்கு நினைவு தப்பவில்லை.

"கம்பிய யார் கட்டினது?" என்று முதலாளி கேட்டார்.

கொக்கு சின்னவளிடம் திரும்பினான். "யோசிச்சுச் சொல்லும்மா. நாளைக்கும் வேலைக்கு வரணும்ல?"

இரைச்சல் நின்றிருந்ததால் அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணிதான் கட்டினாங்க."

"அப்ப நம்ம மேல தப்பில்ல," என்றார் முதலாளி. நஷ்டஈட்டுப் பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் அண்ணியின் இடத்தில் வேறொருத்தி நின்றாள். கொக்கு புதுத் துணி ஒன்றைச் சின்னவளிடம் நீட்டினான். "நீயே கட்டிடு. உங்க வீட்டுக்குப் பழக்கம்தானே."

கட்டினாள்.

அண்ணி மணிக்கட்டோடு முடிந்த கையுடன் வீடு திரும்பினாள். சின்னவள் சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டை இடது கையால் பிடுங்கினாள். பாதிச் சோறு மடியில் கொட்டியது.

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன திமிரு உனக்கு? நீ பண்ண கூத்துக்கு அவ ஒத்தையா மாடா உழைக்கிறா. அவ இல்லேன்னா நாம நடுத்தெருதான். வாயத் தொற!"

அண்ணி சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிடுவாளோ என்று சின்னவள் பயந்தாள். சொல்லித் தொலைத்தால் தேவலை என்றும் இருந்தது. ஆனால் இந்த வேலையும் போனால் அடுப்பு எரியாது என்பது அண்ணிக்கும் தெரியும்.

வாயைத் திறந்தாள். சின்னவள் ஊட்டினாள். அண்ணி மெல்லாமலே விழுங்கினாள்.

"ம், அப்படி வா வழிக்கு," என்று அண்ணன் தன் தட்டை இழுத்துக்கொண்டான்.