பெரிய லென்ஸ்

முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். என்னோடு பள்ளியில் படித்த ஷார்ல், பாரிசிலிருந்து குடும்பத்தோடு லீவுக்கு வந்தவன், ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க் போகலாம் என்று எங்களையும் கூப்பிட்டான். பத்து வயசு மகள் சிவசங்கரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வாரமாக அலைக்குளம், அலைக்குளம் என்று அதே பேச்சு.

சனிக்கிழமை சாயங்காலமே கட்டில் முழுக்கச் சாமானைப் பரப்பிவிட்டேன். இரண்டு கேமரா, ஃபிளாஷ், ஸ்டாண்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றே தாலி கட்டுவதை எடுக்கிற அந்தப் பெரிய லென்ஸ்.

"தண்ணில ஆடுற எடத்துக்கு இத்தினி எதுக்கு? போன் பத்தாதா?" என்றாள் மனைவி சரிதா. மருந்துக்கடையில் டூட்டி என்பதால் அவள் வரவில்லை.

"நான் கேமராமேன்டி. போனத் தூக்கிட்டுப் போனா ஷார்ல் என்னா நெனப்பான்?"

அவன் பெரிய வேலையில் இருக்கிறான். நானும் லேசுப்பட்டவன் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது சொல்லக் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

பார்க்கில் அத்தனையையும் சுமந்துகொண்டு படம் எடுக்க முடியவில்லை. லாக்கரில் வைக்கவும் மனசு வரவில்லை.

"பாப்பா, இந்தப் பையப் பாத்துக்கோ. நாலு படம் எடுத்துட்டு வந்துர்றேன்."

நாலு நானூறானது. அலைக்குளத்தில் ஷார்லின் பிள்ளைகள் குதிக்கும்போது தெறித்த ஒவ்வொரு துளியும் படத்தில் விழுந்தது. அவன் மனைவி அனைஸ் வாயைப் பிளந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து மணிக்கு விசிலடித்து எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டார்கள். சிவசங்கரி தண்ணீரில் இறங்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "அடுத்த தடவ எறங்கலாம்" என்றேன், ஏதோ பெரிய மனசுக்காரன் போல. தலையாட்டினாள்.

மறுநாள் படம் பார்க்க எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். டி.வி.யில் ஓடவிட்டேன். ஒரே பாராட்டு. முடிந்ததும் ஷார்ல், "நான் போன்ல எடுத்த வீடியோவையும் போடுடா" என்றான்.

அலைக்குளத்தின் கரை. நான் குனிந்து லென்ஸில் கண்ணை வைத்திருக்கிறேன். மண்டபத்தில் கத்துகிற அதே குரல்: "யாரும்மா அந்தக் கொழந்த? ஃப்ரேம்ல வருது பாரு! தள்ளிப் போம்மா!"

கரையோரம் நின்ற சின்னப் பெண் பேசாமல் பின்னால் நகர்ந்தாள். தோளில் என் கறுப்புப் பை. நீச்சல் உடுப்பு நனையவே இல்லை.

சரிதா என் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையை யார் என்று கேட்டிருக்கிறேன்.

எனக்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, சிவசங்கரி மெதுவாகச் சொன்னாள்: "நான்தாம்ப்பா அது. கால மட்டும் நனைச்சிக்கட்டுமான்னு கேக்க வந்தேன்."