டிஸ்சார்ஜ் என்ற சொல்லின் எல்லா அர்த்தங்களும்

1956 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருகோணமலை நீதிமன்றத்தில் நீதவான் "டிஸ்சார்ஜ்" என்று சொன்ன அதே நிமிடம், கோட்டையில் ஐம்பது வருடமாகச் சுடாத பீரங்கி சுட்டது. உள்ளே மருந்து கிடையாது. கூடு கட்டியிருந்த இரண்டு மைனாக்கள்தான் சேதமில்லாமல் வெளியே வந்தன. துறைமுகத்தில் பதினொரு நாளாக நின்ற, கோதுமை மா ஏற்றிய கப்பலிலிருந்து மூட்டைகள் தாமாக இறங்கி, வரிசையாக அடுக்கிக்கொண்டன.

நீதவான் சொன்னது ஒரேயொரு அர்த்தத்தில். கப்பல் கயிறு திருடியதாகப் பிடிபட்ட கிண்ணியா முனாப்பின் மேல் சாட்சி இல்லை, ஆளை விடலாம் என்பதுதான் அது. அதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர் பாக்கியரத்தினம். அந்தச் சொல் கோர்ட்டில் விடுதலை, பீரங்கிக்கு வெடி, கப்பலுக்குச் சரக்கிறக்கம், படைச் சேவகத்தில் வேலைநீக்கம் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அன்று அவருக்கு இருமல் வந்துவிட்டது. பிடித்து வைக்க ஆளில்லாத அந்த இடைவெளியில் சொல் தன் இஷ்டத்துக்குப் போய்விட்டது. முனாப்பின் கைவிலங்கு கழன்று விழுந்தது. கூடவே கடற்படைத் தளத்திலிருந்து ஒரு கடிதமும் யன்னல் வழியே பறந்து வந்து அவன் நெஞ்சில் ஒட்டியது. பத்து வருடம் பார்த்த வேலையிலிருந்து அவனை நிறுத்தியிருந்தார்கள். கையெழுத்தின் மை காயவில்லை.

பாக்கியரத்தினம் கூனிக் குறுகிப்போய் அதை வாசித்துச் சொன்னார். முனாப்பின் மனைவி உம்மு குல்சும் அழவில்லை.

"ஒரு சொல்லு வேலையைப் பறிச்சதெண்டா, இன்னொரு சொல்லு தரத்தானே வேணும், ஐயா?"

மத்தியானச் சாப்பாட்டை மறந்து அவர் சொல் தேடினார். 'என்கேஜ்' என்றால் வேலைக்கு எடுப்பது. ஆனால் கடற்படையில் அதுவே எதிரிக் கப்பலோடு மோதுவது. ஊர் தாங்காது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. கோட்டைப் பக்கத்து யன்னல் வழியே மைனாக்களைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்த நீதவான் மறுக்கவில்லை. இரண்டு மணிக்குக் கதிரையில் அமர்ந்து "போஸ்ட்" என்றார். பாக்கியரத்தினம் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தார்.

தளத்துச் சேவகன் சைக்கிளில் வந்து, வாசல் காவலுக்கு முனாப்பை உடனே வரச் சொன்னான். கிண்ணியாவில் கறையான் அரித்த அவர்கள் வேலியில் நாற்பது புதுக் கம்பங்கள் முளைத்தன. நீதிமன்றக் கூரையிலிருந்து, வழியில் தொலைந்த தபால்களெல்லாம் பொலபொலவென்று விழுந்தன. அதில் ஒன்று பாக்கியரத்தினத்துக்கு. ஒன்பது வருடத்துக்கு முன் தம்பலகாமத்து ஆசிரியை புஷ்பவதியிடம் கலியாணம் கேட்டு அவர் எழுதியதற்குப் பதில். உள்ளே சம்மதமாக "ஓம்" என்று மட்டும் இருந்தது.

நாலு மணி பஸ்ஸில் போனார். அவள் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றாள், தனியாகவே.

"மறுமொழி கண்டும் வரேல்லை எண்டு நினைச்சனான்," என்றாள்.

"இப்பதான் கிடைச்சது," என்றார்.

தை மாதம் கலியாணம் நடந்தது. அவர் ஓய்வு பெறும்வரை அந்த நீதிமன்றத்தில் தமிழ் அர்த்தத்தை முதலில் அவர் சொல்வார். ஆங்கிலச் சொல்லைப் பிறகுதான் நீதவான் சொல்வார். மாற்றலாகி வரும் புது நீதவான்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள், காற்றாடியின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதோடு சேர்த்து.